நாலாம் ஹோலில் பாடை இறக்குற இடம்

மலைநாட்டுல எந்த கோல்ஃப் மைதானம் ரொம்பக் கஷ்டம்னு எங்க கிளப்பு விறாந்தையில ஒக்காந்து பேசாத ஆளே கெடையாது. நான் அந்த விறாந்தைக்குக் கீழ குந்தி புல்லுப் புடுங்குறவ. அவங்க இங்கிலீசுல பேசினா எனக்கு வெளங்காதுன்னு நெனப்பு. இத்தன வருசம் காது குடுத்தா எருமைக்கும் வெளங்கும்.

ஒருத்தர் நுவரெலியா டவுனுக்கு நடுவுல இருக்கிற மைதானத்தச் சொல்வாரு. ரெண்டு பக்கமும் மரம் நெருக்கும், பந்து கொஞ்சம் கோணினா ஓடையிலதான்னு. இன்னொருத்தர் கண்டிப் பக்கம் அணைக்கட்டுத் தண்ணிக்கு மேல இருக்கிறதச் சொல்வாரு. அங்க கால ஊண்டி நிக்கவே ஒரு சமதரை கெடைக்காதாம். கடைசியில யாராவது ஒருத்தர், "அதெல்லாம் இருக்கட்டும், இங்க நாலாம் ஹோல்ல அடிச்சிட்டு வந்து பேசுங்க"ன்னுவாரு. அதோட எல்லாரும் தேத்தண்ணியக் குடிச்சிட்டு எந்திரிச்சிருவாங்க.

எங்க மைதானம் ஹட்டன் பக்கத்துல ஒரு தோட்டத்துக்குள்ள இருக்கு. வெள்ளக்காரத் தொரைமாரு தேயிலைக்கு நடுவுல தங்களுக்கு வெளையாடப் போட்டது. ஒம்போது ஹோல்தான். பந்து போயி விழ வேண்டிய குழிய ஹோல்னு சொல்றாங்க, அது வரைக்கும் உள்ள மொத்த ஓட்டத்தையும் ஹோல்னுதான் சொல்றாங்க. நாலாவது எப்படின்னா, மேட்டுல நின்னு கீழ அடிக்கணும். கீழ ஓடை. ஓடையத் தாண்டினா திரும்பவும் ஏத்தம், ஏத்தத்துக்கு மேல தட்டு மாதிரி ஒரு பச்ச மேடு, அதுலதான் குழி. ரெண்டு பக்கமும் தேயில. தேயிலைக்குள்ள பூந்த பந்தத் தேடி எடுத்தவங்க கெடையாது. மத்தியானம் ஆனா நோட்டன் பிரிட்ஜ் பக்கமிருந்து மூட்டம் ஏறி வந்து, அடிச்சவருக்கே தன் பந்து எங்க போச்சுன்னு தெரியாது.

அந்த ஓட்டத்துல பந்து நிக்கிறதுக்குன்னு ஒரே ஒரு எடம் இருந்துச்சு. ஓடையத் தாண்டினதும், ஏத்தம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னால, நாங்க குடியிருக்கிற லயத்து வாசல் அளவுக்கு ஒரு சமதரை. கெட்டிக்கார ஆளுங்க அங்க பாத்துதான் அடிப்பாங்க. அங்க பந்து நின்னுட்டா மிச்சம் பொழச்சுக்கலாம்.

அந்த எடந்தான் எங்களுக்கும்.

இதச் சொல்றதுக்கு எனக்கு இப்பவும் நாக்கு கூசுது. ஏன்னா அந்த எடத்தப் பத்தி நாங்க யாரும் வாய் தொறந்து பேசுறதில்ல. எங்க லயத்துலருந்து மயானத்துக்குப் போற பாத, மைதானத்தக் குறுக்க வெட்டிக்கிட்டுப் போகுது. கிளப்பு வர்றதுக்கு முந்தியே உள்ள பாத. வீட்டுலருந்து பாடையத் தூக்கினா நடுவுல எங்கயும் எறக்கக் கூடாது, பாதி வழியில ஒரே ஒரு எடத்துல தவிர. அங்க எறக்கி, தல ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் இருந்தத மாத்தித் திருப்பி வைப்பாங்க. அது வரைக்கும் செத்தவரு நம்ம வீட்டு ஆளு. திருப்பினதுக்கப்புறம் மயானத்து ஆளு. பொம்பளைங்க அது வரைக்குந்தான் போகலாம். பாடைய மூணு சுத்து சுத்தி, மொகத்தக் கடைசியாப் பாத்து, அழுது, ஓடையில தலைய நனைச்சுக்கிட்டு, திரும்பிப் பாக்காம வீட்டுக்கு வந்துறணும். ஆம்பளைங்க தூக்கிக்கிட்டு மேல ஏறிப் போவாங்க.

அந்தச் சமதரைதான் அந்த எடம். ஏத்தத்துக்கு முன்னால தோள் மாத்துறதுக்கு வேற எங்க எறக்குவாங்க?

எங்கம்மாவ அங்க வச்சுத்தான் நான் கடைசியாப் பாத்தேன். அக்கா என் கையப் புடிச்சிருந்தா. அக்காவுக்கு அழத் தெரியல, எனக்கு அழுதுதான் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் எனக்கு அம்மா அக்காதான். அவ கல்யாணம் கட்டி, புருசன வாரிக் குடுத்து, ஒரே மகன வளத்து கொழும்புக்குக் கடை வேலைக்கு அனுப்பினது வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் ஒரே காம்பராவுலதான் இருந்தோம். நான் கல்யாணம் கட்டல. என் கோவத்துக்கு எந்தப் புருசன் தாங்குவான்னு அக்கா சொல்லிச் சிரிப்பா. கொழுந்து எடுக்கிறத விட்டுட்டு ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கிளப்பு வேலைக்கு வந்தோம். புல்லுப் புடுங்குறது, மணலச் சீவி விடுறது, எல வாருறது.

நாலாம் ஹோல் பச்ச மேட்டுல வேல செய்யிறப்போ நான் ஒரு தடவையாவது நிமுந்து மேல பாப்பேன். மேல டர்பன்டைன் மரங்க ஒசரமா நிக்கும். அதுக்குக் கீழதான் அம்மா இருக்கான்னு நெனச்சுக்குவேன். போயிப் பாத்ததில்ல. பொம்பளைங்க போறதில்ல. அவ்வளவுதான்.

அக்காவுக்குச் சீனி வியாதி. கால்ல ஆரம்பிச்சு, கண்ணுக்குப் போயி, அப்புறம் கிட்னிக்கு வந்துச்சு. அவ வேலைக்கு வர்றத நிப்பாட்டின நேரத்துலதான் கிளப்புக்குப் புது மேனேஜர் வந்தாரு. கொழும்புக்காரர், சிங்களவர். மாத்தயா மாத்தயான்னு நாங்க கூப்பிட்டாலும், வயசான பொம்பளைங்கள அக்கான்னுதான் பேசுவாரு. கெட்ட மனுசன்னு சொன்னா என் நாக்கு அழுகிப் போகும். அவருக்கு ஒரே ஆச, இந்த மலையிலயே கஷ்டமான மைதானம் எதுன்னு கேட்டா எல்லாரும் எங்க மைதானத்தச் சொல்லணும். அப்பத்தான் வெளிநாட்டு ஆளுங்க வருவாங்க, கிளப்பு பொழைக்கும், எங்களுக்கும் வேல நெலைக்கும்.

அதுக்கு ஒரு நிபுணரக் கூட்டிக்கிட்டு வந்தாரு. அந்த ஆளு நாலாம் ஹோல மேலயும் கீழயும் நடந்து பாத்துட்டு, சமதரையில போயி நின்னு, கால்ல ஒரு தட்டுத் தட்டினாரு. இந்த ஒரு எடத்த எடுத்துட்டா போதும், பந்துக்கு நிக்க எடமே இருக்காதுன்னு சொன்னாரு. அங்க ஒரு பெரிய மணல்பள்ளம் வெட்டணுமாம். நான் அப்ப பக்கத்துலதான் வாருகோலோட நின்னேன்.

மேனேஜர் கேக்காம வெட்டல, அத நான் சொல்லியாகணும். மனுசன் கோயிலுக்கே வந்தாரு. வெளியில செருப்பக் கழட்டிட்டு, படம் போட்ட பெரிய தாள விரிச்சு வச்சு, கோயில் தலைவர் தமிழ்ல எடுத்துச் சொல்ல, எங்ககிட்டயே கேட்டாரு. "இந்த நெலத்துல ஒங்களுக்குன்னு ஏதாவது இருக்கா? சாமிக் கல்லு, மரம், எதுனாலும் சொல்லுங்க. நான் அதத் தொட மாட்டேன்."

எங்க கெட்ட காலம், அது மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்த நேரம். காப்புக் கட்டின ஊருக்குள்ள சாவப் பத்தி மூச்சு விடக் கூடாது. அதுவும் கோயிலுக்குள்ள நின்னுக்கிட்டு, பாடை எறக்குற எடம் இருக்கு மாத்தயான்னு யாரு சொல்லுவா? சும்மா நாள்லயே அந்தப் பக்கம் விரல் நீட்ட மாட்டோம். தலைவர் தரையப் பாத்தாரு. ஆம்பளைங்க ஒருத்தர ஒருத்தர் பாத்தாங்க. ஒருத்தர் மட்டும், "மேல போற பாத ஒண்ணு இருக்குங்க, அது வேணும்"னாரு.

"பாதையத் தொடவே மாட்டேன்"னு மேனேஜர் தாள்லயே கோடு போட்டுக் காட்டினாரு.

எனக்கு வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியல. சொல்லிறலாம்னு எந்திரிச்சேன். பக்கத்துல பாய் போட்டு அக்கா ஒக்காந்திருந்தா, காலு வீங்கிப் போயி. அவ என் சீலையப் புடிச்சு இழுத்தா. "வாயால சொல்லி வாங்கிக்காதடி"ன்னா. அவ சொன்னது எனக்கு வெளங்கிருச்சு. வீட்டுல நோயாளிய வச்சிக்கிட்டு நான் அந்த எடத்தப் பத்திப் பேசினா, அது அக்காவுக்கே வழி சொல்றதாயிரும். நான் ஒக்காந்துட்டேன்.

பள்ளம் வெட்டினாங்க. கீழ நாட்டுலருந்து லொறியில மணல் வந்துச்சு, வெள்ளையா, சீனி மாதிரி. நாங்க பொம்பளைங்கதான் அத வாரிப் பரப்பினோம். ஒருத்தியும் ஒரு வார்த்த பேசல. லயத்துலயும் யாரும் பேசல. இனிமே எங்க எறக்குறதுன்னு கேட்டா, அடுத்து யாருன்னு கேட்ட மாதிரி ஆயிரும். அதனால எல்லாரும் வாயில கொழுக்கட்டைய வச்சுக்கிட்டு இருந்தாங்க. எனக்குக் கோவம் மூக்கு மேல வரும். யார் மேல காட்டுறதுன்னுதான் தெரியல. கேட்டவரு ஒழுங்காத்தான் கேட்டாரு.

அக்காதான் கேட்டா. ஒரு நாள் சாயங்காலம், நான் கஞ்சி ஊட்டிக்கிட்டு இருக்கிறப்போ, சாதாரணமா, கட அடைச்சிட்டாங்களான்னு கேக்கிற மாதிரி கேட்டா. "என்னைய எங்கடி திருப்புவாங்க?"

"வாய மூடிக்கிட்டு கஞ்சியக் குடி."

"எங்கயோ திருப்பட்டும். நீ எங்க நின்னு என் மொகத்தப் பாப்ப? அதச் சொல்லு."

கஞ்சிக் கோப்பைய வச்சுட்டு பீலிக்குத் தண்ணி எடுக்கப் போறேன்னு போயி, அங்க நின்னு அழுதேன். என் அக்கா மொகத்தக் கடைசியாப் பாக்குறதுக்கு எனக்கு இந்த மலையில ஒரு எடம் இல்லாமப் போச்சேன்னு வயிறு எரிஞ்சுது. தண்ணி நெறஞ்சு காலெல்லாம் வழிஞ்சதுக்கப்புறந்தான் தூக்கிக்கிட்டு வந்தேன்.

பள்ளம் வெட்டினதுக்கப்புறம் லயத்துல விழுந்த மொத சாவு எங்க அக்காவோடது.

மகன் கொழும்புலருந்து வந்து சேந்தான். வாய்க்கரிசி போட்டு, நீர்மால எடுத்து, எல்லாம் மொறப்படி நடந்துச்சு. அன்னைக்கு கிளப்புல ஏதோ போட்டி, வெளியூர் காருங்க வரிசையா நின்னுச்சு. தப்பு மேளச் சத்தம் கேட்டதும் மேனேஜரே எறங்கி வந்து ஆட்டத்த நிப்பாட்டினாரு. வெளையாட வந்தவங்க தொப்பியக் கழட்டி நெஞ்சோட வச்சுக்கிட்டு ஓரமா நின்னாங்க. இத நான் மறக்க மாட்டேன். அக்கா எத்தனையோ வருசம் குனிஞ்சு வேல செஞ்ச புல்லு மேல, அவளுக்கு ராணி மாதிரி வழி விட்டாங்க.

ஓடையத் தாண்டினோம். அங்க வந்து பாடை நின்னுச்சு.

பாதைய ஒட்டி முன்னால மணல்பள்ளம். யாரோ அடிச்ச பந்து ஒண்ணு நடுவுல கெடந்துச்சு. பாடை தூக்கினவங்க பேய் முழி முழிச்சாங்க. தப்பு அடிச்சவங்களுக்கும் கை நின்னு போச்சு. ஒருத்தர் மணலுக்குள்ளயே எறக்குவோம்னாரு. தலைவர் கால வச்சுப் பாத்தாரு, கணுக்கால் வரைக்கும் பொதைஞ்சுச்சு. "சாஞ்சிரும்"னாரு. ஓரத்துல வைக்கலாம்னா ஓரமெல்லாம் சரிவு. திரும்ப ஓடைக்கு அந்தப் பக்கம் போறதுங்கிற பேச்சே இல்ல, தூக்கின பொணத்தப் பின்னால கொண்டு போகக் கூடாது. நாங்க பொம்பளைங்க பின்னால நின்னு பாத்துக்கிட்டு இருக்கோம். மூட்டம் வேற எறங்க ஆரம்பிச்சிருச்சு. தோள் கொடுத்தவங்களுக்கு மூச்சு வாங்குது.

அக்கா மகன் கொள்ளிச் சட்டியோட முன்னால நின்னான். என்னத் திரும்பிப் பாத்தான். "சின்னம்மா, என்ன செய்ய?"ன்னான்.

ஆம்பளைங்க இத்தன பேரு நிக்க அவன் என்னக் கேட்டதுதான் என்ன ஒடச்சிருச்சு. "மேல கொண்டு போங்கப்பா. அவளுக்கு வலிக்கும்"னேன். செத்தவளுக்கு என்ன வலி. ஆனா அப்படித்தான் வந்துச்சு.

பாடை எறங்காமலே நகந்துச்சு. தப்பு திரும்ப அடிச்சுச்சு. பொம்பளைங்க எப்பவும் நிக்கிற எடத்துல நின்னுட்டாங்க. நானும் நிக்கணும்தான். பாடை நின்னா நாங்க நிப்போம், அதுதானே வழக்கம். அது நிக்கவே இல்லையே. நான் இன்னும் என் அக்கா மொகத்தப் பாக்கலையே. என் காலு பாட்டுக்கு ஏத்தத்துல ஏறுச்சு. பக்கத்து வீட்டு மதினி ஓடி வந்து என் கையப் புடிச்சா. "எங்க போற? பொம்பளைங்க போகக் கூடாது."

"அப்ப நான் எங்க நின்னு பாக்குறது? நீயே எடத்தக் காட்டு, நிக்கிறேன்"னேன்.

அவ மணலப் பாத்தா. கைய விட்டுட்டா.

மயானம் நான் நெனச்ச மாதிரி இல்ல. மரத்துக்குக் கீழ இல்லவே இல்ல. மரத்துக்கு முந்தியே, தேயில முடியிற ஓரத்துல, பச்ச மேட்டுக்கு நேர் மேல இருந்துச்சு. ஆம்பளைங்க என்னப் பாத்தும் பாக்காத மாதிரி இருந்தாங்க, யாரும் போன்னு சொல்லல. குழிக்குப் பக்கத்துல பாடைய எறக்கி, அங்க வச்சுத் திருப்பினாங்க. மொகத்துத் துணிய வெலக்கினாங்க. நான் பாத்தேன். ஆற அமரப் பாத்தேன். கன்னத்தத் தொட்டேன், பனியில சில்லுன்னு இருந்துச்சு.

அப்பத்தான் தலைவர் மெதுவா என்கிட்ட வந்தாரு. அக்கா குழிக்கு இந்தப் பக்கம் கெடந்த ஒரு கல்லக் காட்டினாரு. பேர் இல்லாத கல்லு, பாசி புடிச்சு, பக்கத்துல யாரோ நட்ட மஞ்சச் செவந்தி காடா மண்டிப் போயி. "ஒங்கம்மா இங்கதான் இருக்கா"ன்னாரு.

நான் அந்தக் கல்லுக்குப் பக்கத்துல நின்னு கீழ பாத்தேன். நாலாம் ஹோல் பச்ச மேடு காலுக்குக் கீழ தெரிஞ்சுது. அக்காவும் நானும் குந்தி வேல செய்யிற எடம் அப்படியே தெரிஞ்சுது. கூப்பிடுற தூரம். நாங்க அங்க பேசினது, சண்ட போட்டது, சிரிச்சது எல்லாம் இங்க கேட்டிருக்கும். நான் இத்தன வருசமா நிமுந்து நிமுந்து தப்பான மரத்தப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். அக்காவும் அதே மரத்தத்தான் பாத்தா. அவளுக்குத் தெரியாமலே போயிட்டா.

ஒரு கை மண்ணள்ளி அக்காவுக்குப் போட்டேன். இன்னொரு கை அள்ளி அம்மா கல்லு மேல போட்டேன், அப்ப போட முடியாத மண்ணு. எங்கம்மாவுக்கு மண்ணு போட எனக்கு இவ்வளவு காலம் ஆயிருக்கு. அங்கயே ஒக்காந்து சத்தமா அழுதேன். எந்திரிச்சுத் திரும்பினா, பொம்பளைங்க எல்லாம் தேயில ஓரத்துல நிக்கிறாங்க. உள்ள வரல. ஆனா ஓடைக்கும் திரும்பிப் போகல.

காரியமெல்லாம் முடிஞ்ச பிறகு மேனேஜர் திரும்ப கோயிலுக்கு வந்தாரு. பாடை ஏன் அங்க நின்னு தடுமாறுச்சுன்னு அவரு விசாரிச்சிருக்காரு, யாரோ வெளியில வச்சு காதோட சொல்லியிருக்காங்க. மனுசன் மொகம் செத்துப் போயிருந்துச்சு. "நீங்க சொல்லியிருக்கலாமே. நான் கேட்டேனே"ன்னாரு. அப்புறம், "பரவாயில்ல. அந்தப் பள்ளத்த மூடிர்றேன். பழையபடி சமதரையா ஆக்கித் தர்றேன்"னாரு.

தலைவர் அவரக் கையெடுத்துக் கும்பிடவே போயிட்டாரு. எல்லார் மொகத்துலயும் ஒரு நிம்மதி. நான் எந்திரிச்சேன். இந்தத் தடவ சீலையப் புடிச்சு இழுக்க ஆளு இல்ல.

தலைவர் தன் பங்குக்கு மாத்திச் சொல்லிறக் கூடாதுன்னு சிங்களத்துலயே சொன்னேன். "மாத்தயா, மூடாதீங்க. அது பாடை எறக்குற எடந்தான்." கோயிலுக்குள்ள வச்சு, அம்மனுக்கு முன்னால, முழுசா சொன்னேன். ரெண்டு மூணு பேரு காதப் பொத்தினாங்க. "அத மூடினா, நாங்க திரும்பவும் அங்கயே நின்னுருவோம். எங்கம்மா எங்க இருக்கான்னு தெரியாமலே நான் கெழவியாயிட்டேன். இங்க இருக்கிற பொம்பளைங்க யாரையாவது கேளுங்க, அவங்க அம்மா எங்க, புருசன் எங்கன்னு. ஒருத்திக்கும் தெரியாது."

தலைவருக்கு முறைக்கக்கூடத் தோணல.

"அப்ப ஒங்களுக்கு என்னதான் வேணும், அக்கா?"ன்னு மேனேஜர் கேட்டாரு.

"அங்கருந்து மேல வரைக்கும் படி வெட்டிக் குடுங்க. ஏத்தம் வழுக்குது. வயசான பொம்பளைங்க ஏறணும்"னேன்.

லயத்துல இதுக்கு நான் வாங்கின ஏச்சு கொஞ்சநஞ்சமில்ல. வழக்கத்தக் கெடுத்தவன்னு மொகத்துக்கு நேராவே சொன்னாங்க. சொல்லிட்டுப் போகட்டும். படி வெட்டியாச்சு. கல்லுப் படி, ஒரு பக்கம் புடிச்சு ஏற கம்பி. மொத ஆளா அதுல ஏறினது அன்னைக்கு என் கையப் புடிச்சு இழுத்த மதினிதான். சாவு ஒண்ணும் இல்லாத சாதாரண நாள்ல, தன் புருசன் எங்கன்னு பாத்துட்டு வர்றேன்னு போனா.

இப்ப விறாந்தையில மலையிலயே கஷ்டமானது எதுன்னு பேச்சு வந்தா, எல்லாரும் அந்த மணல்பள்ளத்தத்தான் காட்டுறாங்க. மேனேஜருக்கு ஆச நெறவேறிருச்சு. அதச் சீவி விடுறது என் வேலதான். அது முடிஞ்சதும் பச்ச மேட்டுக்கு ஏறிப் போயி குந்துவேன், இப்ப தனியா. புல்லுப் புடுங்கிக்கிட்டே, அன்னன்னைக்கு நடந்தத வாய் விட்டுச் சொல்லுவேன். அப்பப்ப நிமுந்து பாப்பேன். இப்ப மரத்தப் பாக்குறதில்ல.